நாரைமோட்டை என்று நான் சொல்லவில்லை

அப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியும் மாற்ற மாட்டேன்.

இன்று உங்கள் கல்லறையில் பளிங்குக் கல் பதித்தார்கள். என் கையில் இன்னும் ஈரச் சீமெந்து மணக்கிறது. கல்லில் உங்கள் பெயருக்குக் கீழே, பிறந்த இடம் சாந்திநகர். நீங்கள் ஒருநாளும் வாழாத ஊர்.

நாரைமோட்டையின் கதையை இங்கே இத்தாலியில், சீசா பகுதியில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் சொன்னீர்கள், மீன் உணவகத்தில் நின்று வீங்கிய கால்களை வெந்நீரில் வைத்தபடி. மழை பொய்த்த ஒரு வருடம் மாடுகளோடு வந்த சில குடும்பங்கள், நாரைகள் நின்ற மோட்டையை, அந்தச் சிறு நீர்க்குட்டையைக் கண்டு, அணை கட்டிக் குளமாக்கின. சண்டையில் ஊர் மூன்று முறை இடம்பெயர்ந்தது. கடைசியாகத் திரும்பியவர்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது. கூடவே சாந்திநகர் என்ற புதிய பெயர்ப்பலகையும். சித்தப்பா அனுப்பிய படத்தைப் பார்த்து, "வீடு தந்தவை, சரி. பேரை ஆர் கேட்டது?" என்றீர்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் உங்கள் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டையை, புதுப்பிக்கப் போனோம். பழைய பிறப்புச் சான்றிதழில் ஊருக்கு ஒரு பெயர், ஊரிலிருந்து எடுப்பித்த கடிதத்தில் இன்னொன்று. எது சரி என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"நாரைமோட்டை எண்டு சொல்லு பிள்ளை," என்றீர்கள்.

நான் போனில் வரைபடத்தைப் பார்த்தேன். அதில் சாந்திநகர் மட்டுமே இருந்தது. உங்களுக்கு இத்தாலியன் விளங்காது. படித்த பிள்ளை என்ற திமிரோடு அதையே சொன்னேன்.

அட்டை வந்த அன்று எழுத்துக்கூட்டி வாசித்தீர்கள். "நீயும் பலகை நட்டிட்டாய்," என்றீர்கள். அதன் பிறகு குளத்தைப் பற்றி என்னிடம் கதைக்கவே இல்லை.

நீங்கள் செத்தபோது எல்லாக் கடதாசிகளையும் அந்த அட்டையைப் பார்த்தே எழுதினார்கள். கல்லும் அப்படித்தான். இன்று பதிக்குமுன் கல்வெட்டுபவர் என்னைக் கேட்டார்: எழுத்தெல்லாம் சரியா, பிழையென்றால் வேறு வெட்டித் தருவார். அம்மாவிடம் சொன்னேன்.

"என்ரை பெர்மெஸ்ஸோவும் இன்னும் கந்தோரிலைதான் கிடக்குது," என்றார் அம்மா. "கல்லிலை ஒண்டு, கடதாசியிலை ஒண்டு வேண்டாம். ஓம் எண்டு சொல்லு."

சொன்னேன். அதே பிழை, இம்முறை தெரிந்தே.

இந்த நகரத்தில் உங்கள் குளத்தின் கதையை முழுதாகக் கேட்டவள் நான் ஒருத்திதான். அதை என்னை நம்பி விட்டுப்போக நீங்கள் விரும்பியிருக்கமாட்டீர்கள்.

மூடும் நேரம் என்று காவலாளி வந்தார். நாங்கள் வாசலை அடையுமுன்பே நடைபாதை விளக்குகளை அணைத்துவிட்டார்.