பிழை துவக்கில் என்று நினைத்திருந்தேன்

கிளேட்டன், மெல்பேண்
11.9.1977

அன்புள்ள மகள் யோகாவுக்கு,

நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். லண்டனில் நீ சுகமாயிருக்க வேண்டும், இங்கே நாங்கள் சுகம் என்று வழக்கம்போல ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக இந்தமுறை மனம் விடவில்லை. இரண்டு மாதமாக அப்பாவின் கடிதம் ஏன் இல்லை என்று அம்மாவிடம் கேட்டிருந்தாய். இதை எழுத உட்கார்ந்து மூன்று தரம் எழும்பிவிட்டேன், ஒருதரம் தண்ணீர் குடிக்க, ஒருதரம் யன்னலைத் திறக்க, மற்றதரம் எதற்கென்று எனக்கே தெரியாது. பொறுத்து வாசி, நீ தாதி, உனக்குச் சில இடங்கள் என்னைவிட முதலே விளங்கும்.

சித்திரையில் ஈஸ்டர் விடுமுறைக்கு, என்னோடு வேலை செய்யும் கீத் என்னைக் கிப்ஸ்லாந்து மலைக்காட்டுக்கு மரைமான் வேட்டைக்குக் கூட்டிப்போனான். வன்னியில் நில அளவையில் இருந்த காலத்தில் நான் துவக்குப் பிடித்தவன் என்பது உனக்குத் தெரியும். இங்கே நான் வாங்கியது ஒரு பழைய 303, பட்டாளத்துத் துவக்கின் மரத்தை வெட்டிக் குறுக்கி வேட்டைக்கென்று ஆக்கியது, ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும், அதைக் கழற்றிவிட்டால் துவக்கு வெடிக்காது. இந்த மரைகளின் வம்சம் நூறு வருசத்துக்கு முன்னம் இலங்கையிலிருந்தும் கப்பலில் வந்ததாம் என்று கீத் போகிற வழியில் சொன்னான், அதைக் கேட்டதும் மனம் ஒருமாதிரியாகிவிட்டது, ஆனாலும் சுட்டேன். எண்பது கஜத் தூரம்கூட இராது. தோளுக்குப் பின்னால் பிடித்த குறி வயிற்றில் பட்டது. அது விழவில்லை, முனகிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. பொழுதுபடும் வரைக்கும் இரத்தத் துளிகளைப் பிடித்துக்கொண்டு போனோம், அடுத்த நாளும் தேடினோம், கிடைக்கவில்லை. எங்கோ கிடந்து மெல்ல மெல்லச் செத்திருக்கும். அந்த நினைவு என்னை ஒரு இடத்தில் இருக்க விடவில்லையடி.

தோட்டாதான் பிழை என்று முடிவு கட்டினேன். நான் பாவித்தது பட்டாளத்துப் பழைய சரக்கு. அந்தத் துவக்குக்கென்று அளவாக நீயே தோட்டா செய்துகொள், நானும் அப்படித்தான் செய்கிறேன் என்றான் கீத். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துடைத்து, அதன் கழுத்தை மட்டும் அச்சில் நெரித்துச் சரிப்படுத்தி, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப் வைத்து, வெடிமருந்தைச் சின்னத் தராசில் நிறுத்துப் போட்டு, மேலே குண்டை இறுக்க வேண்டும். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து தோட்டா செய்து, எந்த அளவில் ஐந்தும் ஒரே இடத்தில் போய் விழுகிறதென்று பார்க்க வேண்டும். நான் இதைக் குசினி மேசையில்தான் தொடங்கினேன். அம்மா, "என்னப்பா இது, சோறு சமைக்கிற இடத்தில வெடிமருந்தோ? எடுத்துக்கொண்டு வெளியால போங்கோ" என்று கராஜுக்குத் துரத்திவிட்டா. அங்கேயே குடியிருந்தேன் என்று வைத்துக்கொள். சனிக்கிழமை தவறாமல் சூட்டுத் திடலுக்குப் போவேன், நூறு கஜத்தில் ஐந்து சூடும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அகலத்துக்குச் சிதறும், திரும்பி வந்து அளவை மாற்றுவேன். நித்திரை இல்லை, ஆனால் இரண்டு ஆளின் சாப்பாடு சாப்பிட்டேன், அப்படியிருந்தும் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. இந்த நாட்டு ஆடி மாதக் குளிரில் எனக்கு வியர்த்துக் கொட்டும், ஹீட்டரைப் போட்டதற்கு அம்மாவோடு சண்டை. வேலை செய்யும் கந்தோரில் நில வரைபடங்களுக்கு எழுத்துப் பொறிக்கும் வேலையை என்னிடமிருந்து எடுத்து ஒரு புதுப்பெடியனுக்குக் கொடுத்தார்கள், அதற்கும் பேனை சரியில்லை என்றுதான் சொன்னேன்.

போன மாதம் திடலில் பொறுமை இழந்து, குழல் தேய்ந்துவிட்டது, இதை இரும்புக்குப் போடப்போகிறேன் என்று கத்திவிட்டேன். கீத் என் தோட்டாவில் ஐந்தைக் கேட்டு வாங்கி, என் துவக்கை நான் வைத்த அதே மணல் மூட்டையில் வைத்துச் சுட்டான். போய்ப் பார்த்தால் ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். இன்னும் ஐந்து சுட்டான், அதுவும் அப்படியே. தோட்டாவை நீ அருமையாகச் செய்திருக்கிறாய் லிங்கம், துவக்கிலும் பிழை இல்லை, நீ பிடிக்கும்போது குழல் நுனி துள்ளுவதை ஒரு மாதத்துக்கு முன்னமே கண்டேன், உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை என்றான். கையை நீட்டிப் பார்த்தேன். நான் தினமும் பார்க்கிற கை, விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

கந்தோர் வேலை போய்விடும், பாரிசவாதம்தான் வந்துவிட்டது என்று இரண்டு கிழமை யாருக்கும் சொல்லாமல், துவக்கை உறையிலிருந்து எடுக்காமலும் திரிந்தேன். பிறகு டொக்டரிடம் போனேன். நீட்டிய விரல்களின் மேல் அவர் ஒரு கடதாசியை வைத்தார், அது காற்றுப் பிடித்ததுபோல் படபடத்தது. இரத்தம் சோதித்துப் பார்த்ததில் கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறதாம். இந்த எரிச்சல், வியர்வை, ஓரிடத்தில் இருக்க முடியாமை எல்லாம் அதனால்தானாம். குளிசை தந்திருக்கிறார், ஒரு வருசத்துக்கு மேல் போடவேண்டும், கை அடங்கச் சில கிழமை எடுக்கும் என்கிறார். எனக்கு ஆறுதல்தான், என்றாலும் அந்த மரைக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

இனித்தான் உனக்கு எழுத வேண்டியதே வருகிறது. டொக்டரிடமிருந்து வந்து, துவக்கைத் துடைத்து எடுத்து வைப்போம் என்று உறையைத் திறந்தால் போல்ட்டைக் காணவில்லை. கராஜ் முழுக்கக் கிண்டினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய், அரிசித் தகரத்துக்குள் கையை விட்டுச் சீலைத் துண்டில் சுற்றியிருந்த அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்தா. "நீங்கள் கடைசியாத் திடலால முகம் செத்து வந்த அண்டைக்கே எடுத்து ஒளிச்சுப்போட்டன். சாப்பிட்டும் மெலியிறியள், நித்திரை கொள்ளுறியள் இல்லை, என்னோட கதைக்கிறியள் இல்லை, துவக்கோட தனிய கராஜுக்குள்ள இருக்கிறியள். நான் என்னத்தையெண்டு நினைக்கிறது?" என்று கேட்டா. அழவில்லை. மூன்று கிழமையாக அந்த அரிசியில்தான் சமைத்திருக்கிறா, ஒவ்வொரு நாளும் அதைத் தடவிப் பார்த்தபின்தான் உலை வைப்பாவாம். அது அங்கேயே கிடக்கட்டும் சிவனேஸ் என்று அம்மாவிடம் சொல்லி, நானே திரும்பக் கொண்டுபோய் அரிசிக்குள் புதைத்தேன்.

நீ பயப்படாதே, டிக்கெட் எடுக்காதே. உன் வார்ட் டொக்டரிடம் இந்தக் குளிசையைப் பற்றிக் கேட்டு எழுது, உன் கழுத்தையும் ஒருக்கால் காட்டிக்கொள், இது பரம்பரையிலும் வருமாம். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அவ உன்னிடம் தானாகவே சொல்லட்டும். முருகன் உனக்குத் துணை நிற்க.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா
க. கணேசலிங்கம்