அண்ணா, சாக்கு

12-10-72, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. சைக்கிள் செயின் இரண்டு முறை கழன்றது. ரெயின்கோட்டைக் கேரியர்களுக்குப் போர்த்திவிட்டு நான் நனைந்தேன். சோறு நனையக் கூடாது, சூசை நனையலாம். சரசக்காவின் சட்டம். மெஸ் அவருடையது, சமையல் அவருடையது, ஊரிலேயே பெரிய வாயும் அவருடையது.

மாரண்டஹள்ளிக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. எடுப்புச் சாப்பாடு கொண்டுபோகிற வழி பழகிவிட்டது. போ.மா.வுக்கு (போஸ்ட்மாஸ்டர்) ரசம் தனித் தட்டில். மாட்டு டாக்டருக்கு அப்பளம் நொறுங்கக் கூடாது. டிராயிங் மாஸ்டர் கத்தரிக்காயைத் தொடவே மாட்டார். மதியம் கொடுத்த கேரியரைச் சாயங்காலம் எடுத்துவந்து திறந்தால் போதும், அந்த வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். ஜுரம், சண்டை, விருந்தாளி, எல்லாம்.

இன்று புது ஆள். பிரசவ ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்திருக்கும் நர்சம்மா. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். கதவிடுக்கில் ஒரு கை மட்டும் வந்து கேரியரை வாங்கிக்கொண்டது. முதல் நாள் அளவு கேட்டுவிட்டு வர வேண்டும் என்பது அக்கா உத்தரவு.

"சோறு பத்துமாங்க?"

மழைச் சத்தத்தில் உள்ளேயிருந்து குரல்: "அண்ணா, சாக்கு!"

சோற்றைக் கேட்டால் சாக்கைக் கேட்கிறாரே என்று வாசலைப் பார்த்தேன். ஒரே சேறு. கால் துடைக்கத்தான். "நாளைக்குக் கொண்டாறேங்க" என்று கத்திவிட்டு வந்தேன். பாவம், தனியாக வந்திருக்கிறவர்.

13-10, வெள்ளி

தூறல். மெஸ்ஸில் கிடந்த வெங்காயச் சாக்கை உதறி, மடித்து, கேரியரோடு கொடுத்தேன். இன்று முகத்தைப் பார்த்தேன். சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சாக்கைப் பார்த்தார். பிறகு சிரிப்பு. நல்ல சிரிப்பு. வாசலில் விரித்துவிட்டார்.

பேர் ரீத்தம்மா. ஊர் தளி தாண்டி. கன்னடம்தான் பேச்சு, தமிழ் கொஞ்சம்தான் என்று விரலால் அளவு காட்டினார். கேரியரைத் திறந்தவுடன் கையை ஆட்டி ஆட்டி, "அண்ணா சாக்கு, அண்ணா சாக்கு" என்றார். இன்னொன்று வேண்டும் போல. சரி.

14-10, சனி

வெயில் எட்டிப்பார்த்தது. இரண்டாவது சாக்கும் கொடுத்தாயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாக்கு கொடுத்தால் இவ்வளவு சந்தோஷப்படுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அம்மாவின் கடிதம். பெண் பேசிவிட்டார்களாம். நல்ல குடும்பமாம். அடுத்த ஞாயிறு, 22ஆம் தேதி, நான் போய்ச் சரி என்று சொன்னால் அன்றைக்கே மாதா கோவிலில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்துவிடலாமாம். ஓலை வாசித்துவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது. ஊரே கேட்டிருக்கும். பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை.

சரி என்று எழுதக் கார்டு எடுத்தேன். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

15-10, ஞாயிறு

காலைப் பூசை. பெண்கள் பக்கம் வெள்ளைச் சேலையில் முக்காடு போட்டு நிற்பது யார் என்று பார்த்தால் ரீத்தம்மா! நம் வேதம்தான். தமிழ்ப் பாட்டுக்கு, பக்கத்தில் நிற்பவரின் வாயைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் தாமதமாக வாயசைத்துக்கொண்டிருந்தாள். பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை.

மதியம் கேரியர் கொடுக்கும்போது, "ஊட்டா ஆய்த்தா?" என்றாள். முழித்தேன். கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டி, என்னைச் சுட்டினாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். ஆறு வருஷமாகச் சேலத்திலும் இங்கேயும் சாப்பாடு சுமக்கிறேன். சாப்பாடு கொண்டுவருகிறவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "ஆச்சுங்க" என்று பொய் சொன்னேன்.

மேலே எழுதியதைப் படித்தால் நேற்று வரை 'அவர்', இன்று 'அவள்'. எப்போது மாறினாள்? மாறி என்ன பிரயோஜனம். வந்த அன்றே அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள். ஒரு பெண் வாயால் அண்ணா என்றபிறகு வேறு நினைப்பு நினைக்கிறவன் மனுஷனா. அம்மாவுக்குச் சரி என்று எழுதிவிட வேண்டியதுதான். நாளைக்கு எழுதலாம்.

16-10, திங்கள்

எழுதவில்லை. டயர் பங்க்சர். அக்கா திட்டு.

17-10, செவ்வாய்

கடவுளே.

பரிமாறுகிறவர் வரவில்லை. "நீயே போடுடா" என்று அக்கா கரண்டியைக் கையில் திணித்தார். நான் கடைக்குள் பரிமாறுவதே கிடையாது. தளிப் பக்கத்திலிருந்து தக்காளி ஏற்றி வந்த வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை சோறு போடப் போனேன். இலைமேல் கையை மறித்துக்கொண்டு, "அன்ன சாக்கு! சாக்கு!" என்றார்.

கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. "என்னாங்க சொன்னீங்க?"

"சாக்குன்னா போதும்ங்க. அன்னம் போதும்."

"அன்னம்னா?"

"சோறுப்பா! நீ போடறியே, அதான்."

அக்காவிடம் சாக்குக் கதையைச் சொன்னேன். அடுப்படியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "சோறு போதும்ங்குது அந்தப் புள்ள, நீ வூட்டுக்குச் சாக்கா கொண்டுபோய் அடுக்கறியேடா! நான் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனே!"

சிரிக்கட்டும். ஊரே சிரிக்கட்டும். அவள் என்னை அண்ணா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை! மூன்று சுழி என்று நான் நினைத்தது இரண்டு சுழி. ஒரே ஒரு சுழியில் தங்கச்சியாகப் போக இருந்தாள். மத்தியானம் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். மாட்டு டாக்டரின் அப்பளம் தூள். மன்னிப்பாராக.

18-10, புதன்

நான் ஒரு மடையன்.

இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது: நான் உங்களுக்கு அண்ணன் இல்லைங்க. அவ்வளவுதான். நாலே வார்த்தை. அவள் எதிரில் வந்ததும் வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

"ஞாயித்துக்கெழம நான் வரமாட்டேங்க. ஊருக்குப் போறேன்."

"யாக்கே?" என்றாள். ஏன் என்று கேட்கிறாள்.

"கல்யாண ஓலை வாசிக்கறாங்க. எனக்கு."

அவள் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்க ஒரு ஆசை. உள்ளதைச் சொல்லத் தைரியம் இல்லாதவன் செய்கிற வேலை. ஓலை அவளுக்குப் புரியாவிட்டாலும் கல்யாணம் புரிந்தது. கேரியரை வாங்கிக்கொண்டாள். "ஒள்ளேது" என்றாள். நல்லது என்று அர்த்தமாம், அக்கா சொன்னார். கதவு சாத்திய சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

19-10, வியாழன்

மழை. மதியம் அவள் கண்ணில் படவில்லை, சன்னலில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போனபோது கேரியர் அதே சன்னலில். தூக்கினேன், கனம். திறந்தால், சோறு நான் அமுக்கி வைத்தபடியே. அப்பளம்கூட உடையவில்லை.

அக்கா சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு சரி. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளகிட்ட என்னடா சொன்ன?"

சொன்னேன்.

"இது சோத்து மேல கோவமில்ல சூசை."

"ஜுரமா இருக்கும்க்கா."

"ஆமா, ஜுரந்தான். போ, போய்க் கை கழுவு. நீயும் சாப்புடலல்ல?"

20-10, வெள்ளி

இன்றும் அப்படியே திரும்பியது. ஆஸ்பத்திரி ஆயாம்மாவிடம் விசாரித்தேன். "டூட்டிக்கு வருதுங்க, ஜுரமெல்லாம் இல்ல. டீய மட்டும் குடிச்சிக்கிட்டுக் கெடக்குது" என்றார்.

நேரே போஸ்ட் ஆபீஸ். நின்றபடியே கார்டு எழுதினேன்: அம்மா, எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம், ஓலை கொடுக்க வேண்டாம், கோபப்படாதே. இந்தக் கார்டு ஞாயிற்றுக்குள் போய்ச் சேருமா என்று போ.மா.வைக் கேட்டேன். "சாயங்காலக் கட்டுல போவுது, நாளைக்குக் கெடச்சிரும்" என்றார். அப்படியும் மனசு கேட்காமல் எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடமும் அதையே சொல்லிவிட்டேன். இனி ஊர் முழுக்கத் தெரியும். தெரியட்டும்.

அங்கே அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லவன் கிடைக்க வேண்டும் என்று ஒரு மன்றாட்டுச் சொன்னேன். இங்கே இவள் என்ன சொல்வாளோ தெரியாது. தெரியாமல்தான் எழுதினேன்.

21-10, சனி

மேகமூட்டம். மழை இல்லை. வழியை மாற்றிக்கொண்டு முதலில் குவார்ட்டர்ஸுக்கே போனேன். கதவைத் தட்டினேன். வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நாளெ ஊருக்கு?" என்றாள்.

"போகலைங்க. வேணாம்னு அம்மாவுக்கு எழுதிட்டேன்."

"யாக்கே?"

"இங்க ஒருத்தர் ரெண்டு நாளா சாப்புடலைங்க. அதான்."

புரிந்ததோ இல்லையோ, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையிலிருந்த கேரியரை வாங்கி, உள்ளே போகாமல், அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து திறந்தாள். தட்டுக்கூட எடுத்துவரவில்லை. சோற்றுக் கிண்ணத்திலேயே சாம்பாரைக் கவிழ்த்துப் பிசைந்து, ஒரு வாய், இன்னொரு வாய். கண்ணில் தண்ணீர், வாயில் சோறு.

"பசி" என்றாள். தமிழில்.

நானும் படியில் உட்கார்ந்துவிட்டேன். போ.மா., மாட்டு டாக்டர், டிராயிங் மாஸ்டர், மூன்று பேர் சாப்பாடும் சைக்கிளில் ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும்.