கீழ் வரிசை, நாலாவது பேனல்

மார்ச் 2, ஞாயிறு

கடையில் வினாத்தாள் சீசன். மூன்று பள்ளிகளுக்கு நான் ஒருத்திதான் டைப் அடிக்கிறேன். கண் பூத்துப்போய்க் கிடக்கிறது.

காலையில் தம்பி போன் செய்தான். "பேனல் கழுவினியாக்கா?" என்றான். "ம், கழுவிட்டேன்" என்றேன். கழுவவில்லை. ஜனவரி கடைசியில் கழுவியது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், மெத்தென்ற துணி சுற்றிய வைப்பரால் துடைக்க வேண்டும். இவ்வளவுதான் அவன் என்னிடம் கேட்டது. மாடியில் பன்னிரண்டு சோலார் பேனலை அவனே தூக்கி வந்து மாட்டிக் கொடுத்தான். சொந்தமாகத் தொழில் தொடங்கி அவன் செய்த முதல் வேலை என் வீடுதான். யார் புதிதாகக் கேட்டு வந்தாலும் இங்கேதான் அழைத்து வந்து காட்டுவான்.

கரண்ட் குறைவாக வருகிறது என்று மட்டும் சொன்னேன். "தூசிக் காலம்க்கா, எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்றான். பாவம், நம்பிவிட்டான்.

மார்ச் 8, சனி

இன்றும் கழுவவில்லை. மழை வந்து கழுவிவிடட்டும் என்று வானத்தின் மேல் பாரத்தைப் போட்டாயிற்று.

மார்ச் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. ஆனால் வேறு எங்கே சொல்ல?

பதினோரு மணிக்குக் கடையில் இருக்கும்போது போன். "அக்கா, நாலு மணிக்கு ஒருத்தரக் கூட்டிட்டு வர்றேன். அண்ணன் தம்பி மூணு பேருக்கும் சேத்து மூணு வீடு. இது மட்டும் அமைஞ்சா நான் நிமிந்துடுவேன்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

மாடியில் ஏறிப் பார்த்தால் ஒன்றரை மாதத் தூசி. மேல் வரிசை முழுக்கப் புறா எச்சம், காய்ந்து சுண்ணாம்பாகி இருந்தது. மணி பன்னிரண்டரை. பேனலைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது. வைப்பரால் தேய்த்தேன், எச்சம் அசையவில்லை. ஒரு சாக்கை நாலாக மடித்துக் கீழ் வரிசையின் நாலாவது பேனல் மேல் போட்டு, அதில் முட்டி போட்டு ஏறிவிட்டேன். பாத்திரம் தேய்க்கிற நாரோடு. மோட்டார் போட்டு, தரைத்தொட்டித் தண்ணீரை ஹோஸில் திறந்து விட்டேன். ஜில்லென்று இருந்தது. எனக்குச் சுகமாக இருந்தது என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

'படக்' என்று ஒரே ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க உப்பு கொட்டியது மாதிரி நொறுங்கி வெளுத்திருந்தது. ஆனால் ஒரு துண்டுகூட உதிரவில்லை. அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

தூசியும் எச்சமும் போயிருந்தன, நாலு மணிக்குள் தரையும் காய்ந்துவிட்டது. சாக்கையும் நாரையும் நான் ஒளித்துவிட்டேன். ஆம், ஒளித்தேன்.

தம்பி பெரிய மீசைக்காரர் ஒருவரோடு வந்தான். மாடிக்கு வந்ததும் நின்றுவிட்டான். "என்னக்கா இது?"

"தெரியலையேடா. நானும் இப்பத்தான் பாக்கறேன்."

"எப்ப கழுவின?"

"காலைல. ஆறு மணிக்கு."

மீசைக்காரர் குனிந்து பார்த்தார். "கண்ணாடி தானாவா உடையும், தம்பி?" என்று கேட்டார். தப்பாக ஒன்றும் பேசவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். தம்பி பேனலின் ஓரத்தில் உட்கார்ந்து, அதைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் கிளாம்ப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "நான்தான் ஓவரா இறுக்கிட்டேன் போலக்கா."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது, நாக்கு இருந்தது. நின்றேன்.

மார்ச் 15, சனி

முட்டியில் கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. இவர் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். மாடிப்படியில் இடித்துக்கொண்டேன் என்றேன். "படிக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்றை நிறுத்த வேண்டியிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

நாள் முழுக்க ஒரே யோசனை. அவன் ஏன் உடனே தன்னையே சொல்லிக்கொண்டான்?

ஏன் என்று எனக்கா தெரியாது? நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. அவனுக்கு மூன்று வயதானபோது எனக்குப் பத்து. அம்மா வேலைக்குப் போய்விடுவாள், அவன் என் பொறுப்பு. வீட்டில் எது உடைந்தாலும் அவன் தலையில்தான் விடியும். கண்ணாடி டம்ளர், சுவர்க் கடிகாரம், அப்பாவின் மூக்குக் கண்ணாடி. "உனக்கு நிதானமே கிடையாது, கையில எது குடுத்தாலும் உருப்படாது." இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! அவன் வாயைத் திறக்க மாட்டான். தலையைக் குனிந்துகொண்டு துண்டுகளைப் பொறுக்குவான்.

அந்தக் கடிகாரத்தை உடைத்தது நான்.

இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

மார்ச் 21, வெள்ளி

தம்பி போன் செய்தான். இதுவரை பேனல் மாட்டிய மற்ற பதினோரு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறானாம். "எங்கயும் ஒண்ணும் உடையலக்கா. ஆனா உடையறதுக்கு முன்னாடி நாமளே பாத்துக்கணும் இல்ல? எல்லா கிளாம்ப்பையும் கால் சுத்து தளத்திவிட்டு வர்றேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நிதானமாப் பண்ணு" என்றேன். தானாக வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு என் வாயில் நானே அடித்துக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

ஏழாம் வகுப்புக் கணக்குத் தாளில் நாலாம் கேள்வியை இரண்டு தடவை அடித்துவிட்டேன். முதலாளி கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, அவ்வளவுதான்.

மார்ச் 26, புதன்

தம்பி மனைவி கடைக்கே வந்துவிட்டாள். ஜெராக்ஸ் எடுக்க என்று சாக்கு. எடுக்க வந்தது அவனுடைய பழைய கம்பெனிச் சான்றிதழ்கள்.

"நீங்கதான் அண்ணி சொல்லணும். நீங்க சொன்னா கேப்பார். இறுக்கினா உடைஞ்சிடும்னு தளத்தினார். இப்போ காத்தடிச்சா பேனலே பிச்சுக்கிட்டுப் பறந்துடும்னு பயப்படறார். எது சரின்னே புரியலங்கறார். நேத்து எங்க வீட்டு ஃபேனை மாட்டச் சொன்னேன், மாட்டிட்டு அடியில நிக்கவே மாட்டேங்கறார். தொழிலே வேணாம், பழைய கம்பெனில கேட்டுப் பாக்கறேன்னு இதையெல்லாம் எடுக்கச் சொன்னார்."

சான்றிதழ்களை மெஷினில் ஒவ்வொன்றாக வைத்து நானே எடுத்துக் கொடுத்தேன். என் கையால்.

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிடுவது என்று போன் போட்டேன். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

எதற்குப் பயப்படுகிறேன்? அடிக்கப் போகிறானா? இல்லை. என்னைப் பற்றி அவன் வைத்திருக்கிற எண்ணம் போய்விடும். அக்கா எதையும் சரியாகத்தான் செய்வாள் என்று இத்தனை வருஷம் நானே கட்டி வைத்த எண்ணம். அதைக் காப்பாற்ற அவன் பிழைப்பைக் கெடுக்கிறேன். சீ.

மார்ச் 30, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை பலத்த காற்று வீசும் என்று காலையில் அறிவித்தார்கள். கூரைத் தகடுகள், விளம்பரப் பலகைகள் பத்திரம் என்றார்கள். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே வாயைக் கொப்பளித்துவிட்டு அவன் வீட்டுக்குக் கிளம்பினேன்.

முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தான். எவ்வளவு இறுக்குகிறோம் என்று எண் காட்டுகிற ஸ்பேனர் கையில். ஒரு மரக்கட்டையில் போல்ட்டை இறுக்குவதும், எண்ணைப் பார்ப்பதும், கழற்றுவதும், திரும்ப இறுக்குவதுமாக இருந்தான். "எண்ணு சரியாத்தான் காட்டுதுக்கா. எனக்குத்தான் நம்பிக்கை வரல" என்றான்.

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். "அத நான்தான் உடைச்சேன். உச்சி வெயில்ல மேல ஏறி, பச்சத் தண்ணிய ஊத்தி, நான்தான். நீ இறுக்கினதுல தப்பே இல்லடா."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். சத்தமில்லாமல் வைத்தான்.

"எத்தன நாளாச்சு?"

"பதினாறு."

"பதினோரு வீடு." என்னைப் பார்க்காமல் மரக்கட்டையைப் பார்த்துச் சொன்னான். "நல்லா இருந்தத எல்லாம் நானே போய்க் கழட்டி விட்டுட்டு வந்திருக்கேன்."

நான் அழுதேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மனைவி உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றாள், அவளும் என் பக்கம் வரவில்லை. என்னத்துக்கு வருவாள்?

பிறகு எழுந்து பையில் சாமான்களைப் போட்டான். "நாளைக்குள்ள எல்லாத்தையும் திரும்ப இறுக்கணும். ஏணி பிடிக்க ஆள் வேணும். வர்றியா?"

போனேன். இருட்டுவதற்குள் ஐந்து வீடு முடிந்தது.

மார்ச் 31, திங்கள்

கடைக்கு லீவு. மிச்சம் ஆறு வீடு.

நேற்று முழுக்க அவன் ஒவ்வொரு வீட்டிலும் "சின்னதா ஒரு செக்கிங்" என்று சொல்லிச் சமாளித்தான். இன்று மூன்றாவது வீடு ஒரு டீச்சருடையது. அந்த அம்மா விடவில்லை. "போன வாரம்தானே வந்தீங்க? அப்போ தளத்தினீங்க, இப்போ இறுக்கறீங்க. வேலை தெரிஞ்சுதான் பண்றீங்களா?"

"என் கவனக்குறைவுதான் மேடம்" என்றான் ஏணியின் பாதியில் நின்றுகொண்டு. வழக்கமான அதே குனிந்த தலை. அதை நான் நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

"இல்லைங்க" என்றேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், இருக்கட்டும். "நான் இவனோட அக்கா. எங்க வீட்டுப் பேனலை நான் உடைச்சிட்டு, தெரியாதுன்னு பொய் சொன்னேன். அத நம்பித்தான் இவன் தளத்தினான். இவன் வேலைல ஒரு குத்தமும் இல்ல."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வகுப்பில் பிடிபட்டவளைப் பார்க்கிற பார்வை. "சரி, பாத்து ஏறச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

மேலேயிருந்து குரல் வந்தது. "ஏணிய ஒழுங்காப் பிடி." அவன் என்னை ஒழுங்காகச் செய் என்று சொன்னது இதுவே முதல் தடவை. பிடித்தேன். கடைசி வீட்டில் கடைசி கிளாம்ப் இறுக்கும்போது ஐந்தே முக்கால்.

நேற்றிலிருந்து அவன் என்னை ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காற்று. எதிர்வீட்டுத் துணிக்கொடி அறுந்துபோனது. கடைப் பலகை ஒரு பக்கம் தொங்குகிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பதினோரு வீட்டையும் எண்ணினேன். மாலை வரை போன் வரவில்லை. நல்ல செய்தி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நானாகக் கேட்கவும் முகமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மீசைக்காரர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கூடப் பொறந்தவங்க நீங்களே கழுவாம விட்டிருக்கீங்க. எங்க வீட்ல யாரு மாடியேறிக் கழுவப் போறா? எங்களுக்கு இது சரிப்படாதும்மா" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மூன்று வீடு போயே போய்விட்டது. உண்மையைச் சொன்னால் எல்லாம் திரும்பி வரும் என்று யாரோ எனக்கு வாக்குக் கொடுத்த மாதிரி நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன் பார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

புது பேனல் மாட்ட வந்தான். அவன் பாட்டுக்கு மாட்டினான். கிளாம்ப்பை இறுக்கும்போது கை தயங்கவில்லை, ஒரே தடவைதான். அதைப் பார்த்தபோது மூச்சு விட்டேன். பழைய கம்பெனிக்குப் போகவில்லை என்று இவரிடம் சொன்னானாம். என்னிடம் சொல்லவில்லை. டீ போடட்டுமா என்றேன். "இன்னொரு வீட்டுக்குப் போகணும்" என்றான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆறு மணிக்குக் கழுவினேன். மெத்தென்ற துணியால்.

மே 9, வெள்ளி

மத்தியானம் கடை போனுக்கு ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் அவன் கையெழுத்து. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கவாம். கீழே ஒரு வரி: "அக்கா, இத டைப் அடிச்சு நூறு எடுத்து வை. சாயந்தரம் வந்து வாங்கிக்கறேன்."

அக்கா என்றுதான் எழுதியிருந்தது. இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அடிக்க உட்கார்ந்தேன்.

வெயில் ஏறுமுன் கழுவவும். சூடான பேனலில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நார், பிரஷ் வேண்டாம். மேலே ஏறவோ முட்டி போடவோ வேண்டாம். நாலும் எனக்குத் தெரிந்ததுதான், தெரிந்தே மீறியதுதான். ஐந்தாவதில் கை நின்றுவிட்டது.

'ஏதாவது உடைந்துவிட்டால் உடனே சொல்லுங்கள். திட்ட மாட்டேன்.'

முதலாளி பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "அரைப் பக்கத்துல அடங்கலையேம்மா. அந்தக் கடைசி வரி எதுக்கு? தூக்கிடலாமே."

"வேண்டாம் சார், இருக்கட்டும்" என்றேன். மேலே இருக்கிற நாலையும் எழுத்தைச் சின்னதாக்கி, அதை இருந்த அளவிலேயே விட்டேன். நூறு பிரதி எடுத்து, கட்டி, அவன் வருவதற்காக மேஜையில் வைத்திருக்கிறேன்.