கட்டி தட்டிய ஐஸ் மால்ட்

எனக்கு முன்னாலேயே இந்த வீட்டு மனசுகளில் குடியேறிவிட்ட என் கலா அக்காவுக்கு,

நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் நீ போன பிறகு உன் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் நான், சுமதி. பார்த்தறியாதவளை 'நீ' என்று எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. சுமங்கலியாகப் போனதால் உன்னை இந்த வீட்டில் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறோம். கும்பிடும்போது நம் மாமியாரே "நீதாம்மா காப்பாத்தணும்" என்றுதான் சொல்கிறார். சாமியை யார் 'நீங்க' என்கிறார்கள்?

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. கொஞ்சநஞ்சமில்லை, வயிறு எரிகிற பொறாமை. உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் குழாயடியில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். மாலை போட்ட படத்துக்குள் சிரித்துக்கொண்டிருப்பவளை என்ன செய்வது? ஒரு நாள்கூடவா நீ குழம்பில் உப்பைக் கொட்டவில்லை? அப்படி ஒரு நாள் இந்த வீட்டில் யாருக்குமே ஞாபகம் இல்லையே, அது எப்படி?

போன மாதம் என் சம்பளத்தில் புது ஃப்ரிட்ஜ் வாங்கினேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "கலா வெச்சிருந்த எடத்துலயே வெச்சிக்கினியா? நல்லா கீது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஃப்ரிட்ஜ் என்னுடையது, இடம் உன்னுடையது. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது உன் ஐஸ் மால்ட்தான்.

உன் மகள் யாழினி இப்போது நாலாம் வகுப்பு. முன்பல் முளைத்துவிட்டது, கணக்கு நன்றாகப் போடுகிறாள். கெட்ட பிள்ளை இல்லை அக்கா, உன் வளர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன். சித்தி என்று கூப்பிடுகிறாள், தலை வாரிவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், போட்ட சோற்றைத் தின்கிறாள். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் நீட்டுகிற ஐஸ் மால்ட் டம்ளரை மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவாள்.

"நல்லாத்தான் கீது சித்தி. ஆனா அம்மா போடற மாரி இல்ல."

என்றைக்கு அவள் அந்த டம்ளரைக் காலி செய்கிறாளோ அன்றைக்குத்தான் நான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததாக அர்த்தம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அசட்டுத்தனம்தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு யார் கையால் குடித்தால் வயிறு குளிரும் என்பது சின்ன விஷயமா? நீயே சொல்.

நான் விடுவேனா? ஒரகடத்தில் கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிற கம்பெனியில், லைன் கடைசியில் நின்று செக்கிங் பார்க்கிறவள் நான். ஒரு குமிழி, ஒரு புள்ளி, ஒரு கோடு தெரிந்தாலும் ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவேன். அந்தக் கண்ணோடுதான் மால்ட்டையும் போட்டேன். மால்ட் பவுடரை வெந்நீர் விட்டுக் குழம்பு போலக் குழைத்து, சர்க்கரை சேர்த்து, ஆறவைத்து, குளிர்ந்த பாலில் ஊற்றி ஆற்றுவேன். அதையும் டீ வடிகட்டியில் ஒரு தரம் வடிகட்டுவேன். ஐஸைத் துணியில் சுற்றி, சப்பாத்திக் கட்டையால் தட்டிப் பொடித்துப் போடுவேன். பட்டுப்போல இருக்கும். எங்கள் சூப்பர்வைசரே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

உன் மகள் ஒரு வாயோடு வைத்துவிடுவாள்.

பவுடரைக் கூட்டினேன், குறைத்தேன், சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டேன், பாலைச் சுண்டக் காய்ச்சினேன். எதற்கும் மசியவில்லை. அம்மா எப்படிப் போடுவாள் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நீ ஜெயித்த மாதிரி ஆகிவிடாதா?

ஒரு நாள் கம்பெனி பஸ் ஒரகடம் சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. நான் வீடு சேர்வதற்குள் யாழினி வந்துவிட்டாள். உள்ளே நுழைந்தால், அடுப்படியில் நின்று தானே மால்ட் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் பவுடரை அப்படியே கொட்டி, ஐஸைப் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றினாள். பவுடர் கரையாமல் கட்டி கட்டியாக மிதக்கிறது. எனக்குக் கை பரபரத்தது.

"ஏய், கொண்டா இங்க. வடிகட்டித் தரேன்."

"வாணா சித்தி. அம்மா இப்டித்தான் போடும். இந்தக் கட்டிய ஸ்பூன்ல எடுத்து வாயில வெச்சிக்கினே இருந்தா, மெதுவா ஒடையும். உள்ள பவுடரு அப்டியே இருக்கும்."

"ஏண்டி, இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கவே இல்லியே."

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமா, அதுக்கு ஏது நேரம்? ஷிப்ட் முடிஞ்சு ஓடியாரும். கொழந்த கத்தும். ஐஸ் பால்ல கொட்டி ரெண்டு கலக்கு, அவ்ளோதான். கரைக்கவே தெரியாது கலாவுக்கு."

அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இரண்டாம் தாரமாகக் கழுத்தை நீட்டியபோதுகூட வந்ததில்லை. அடிப்பாவி! அவசரத்தில் நீ செய்த அரைகுறை வேலைக்கு இவ்வளவு மவுசா? மாங்கு மாங்கென்று வடிகட்டுகிறவள் நான், கொட்டிக் கலக்கிவிட்டுப் போனவள் நீ. ரிஜெக்ட் பெட்டிக்குப் போகவேண்டியதை ஓகே என்று அனுப்பியிருக்கிறாய், அதை இன்னமும் நினைத்து நினைத்துச் சப்புக்கொட்டுகிறாள் உன் மகள். இதுதான் தாய் என்கிறதா? தப்பாகச் செய்தாலும் ருசிக்குமா?

ரோஷத்தில் அதற்குப் பிறகும் வடிகட்டித்தான் கொடுத்தேன். அவள் குடிக்கிற ஒரு வாய் இரண்டு வாயானது. மீதியை நானே குடித்தேன்.

இந்த ஆடியில் உனக்குப் படையல். புதுப் புடவை, பூ, மஞ்சள், வளையல், கருவாட்டுக் குழம்பு, வடை. மாமியார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அந்த ஐஸ் மால்ட்டும் ஒரு டம்ளர் வெச்சிடு சுமதி. கலாவும் கொழந்தையோட ஒக்காந்து ஆசையாக் குடிக்கும்" என்றார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உனக்குப் பிடித்ததை உன் முறைப்படியே வைக்கவேண்டும். பவுடரைக் கொட்டி, இரண்டு சுற்றோடு கையை எடுத்தேன். வேலை தெரிந்த கையைக் கட்டிப்போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உனக்கு ஒன்று, யாழினிக்கு ஒன்று, இரண்டிலும் கட்டி மிதந்தது. சரி அக்கா, நீயே ஜெயித்துக்கொள் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

யாழினி உன் டம்ளரை வாங்கி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். தன்னுடையதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா சித்தி, எனக்கும் கட்டியாப் போட்டுக்கினு வந்துட்ட? இது அம்மாவுது. எனக்கு நீ போடற மாரி போட்டுக் குடு."

 மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் கற்பூரத்தட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் அடுப்படிக்குப் போய் வெந்நீர் வைத்தேன். குழைத்தேன், ஆற்றினேன், வடிகட்டினேன்.  அவள் வாங்கி, உன் படத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு உதட்டை நக்கினாள்.

இதற்காகத்தானே காத்திருந்தேன்? துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? என்னால் உன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அக்கா. நான் அந்தச் சட்டத்துக்குள் இருந்து, என் பிள்ளை இன்னொருத்தியிடம் அப்படிக் கேட்பதைக் காதால் கேட்டிருந்தால்?  என் மால்ட் பிடித்துப்போய்த்தான் கேட்டாளா, இல்லை உன்னுடையதை இனி யாரும் தொடக்கூடாது என்று உனக்கே ஒதுக்கி வைத்தாளா? அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்குத் தெரியுமா?

ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு அவள் பெரியவளாகி, மறந்துபோய், எங்கம்மா எப்படிப் போடும் என்று கேட்டால், நீ போட்டபடியே போட்டுக் காட்டுவேன். ஒரு கட்டியைக்கூட உடைக்க மாட்டேன். நன்றாகச் செய்தாய் என்று பொய்யும் சொல்ல மாட்டேன். 'உன் அம்மா கரைக்கத் தெரியாதவள், ஆனால் நீ கத்துவாய் என்று ஓடி வந்தவள்' என்று அவளிடம் சொல்வேன்.

என் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இருக்கிறது. ஆனால் அன்றைக்கு உனக்கும் கொஞ்சம் வந்திருக்கும், இல்லையா? வந்திருந்தால் மறைக்காதே. இனி அதை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம்.

உன் மகளுக்குச் சித்தியானதால் உனக்குத் தங்கையானவள்,
சுமதி