ஆலாத்தித் தட்டு

பலெர்மோ
வைகாசி 4

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கதைக்கப் பயம் என்கிறீர்கள், அதனால் ஊருக்கு வரும் றொனியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்த மாதம் நம் ஜனாதிபதி இங்கே இத்தாலிக்கு வருகிறார். யுத்தம் முடிந்த நாளில் பாலத்தடியில் நின்ற அதே இராணுவத் தளபதிதான். "மூண்டு மாசத்தில விட்டிடுவம்" என்று ஆள் வைத்துத் தமிழில் சொல்லி, சரணடைந்த என் கணவரை பஸ்ஸில் ஏற்றியவர். வியா மக்வேதா தெருவில் ஒரு மண்டபத்தில் வரவேற்பாம். ஆலாத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் வேண்டுமென்று இங்குள்ள தமிழ்ச் சங்கத்து நிலக்ஷி என்னையும் கேட்டாள். இங்கேயே பிறந்த பிள்ளை, கதை தெரியாது. என் பொட்டையும் தாலியையும் பார்த்துக் கேட்டிருக்கிறாள். நான் ஓம் என்றுவிட்டேன்.

உங்கள் தங்கை
சயந்தினி


கிளிநொச்சி
வைகாசி 20

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். உனக்கென்ன, கடல் கடந்து இருக்கிறாய். நான் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம், அந்த ஜனாதிபதியின் படத்துக்குக் கீழே இருந்து வேலை செய்கிறேன். மச்சானின் மரணச் சான்றிதழுக்கு ஒரு கையெழுத்துப் போடு, காணி உன் பெயருக்கு வரும் என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன்? நீ கேட்பதாயில்லை.

ஆலாத்திக்குப் போகாதே. மச்சான் இல்லையென்று ஊருக்கே தெரியும். சபை நடுவில் யாராவது உன்னைத் தட்டோடு விலக்கி நிறுத்தினால் தாங்குவாயா? கோபிக்காதே அம்மா.

அண்ணா
சிவபாலன்


பலெர்மோ
ஆனி 9

அண்ணா,

நீங்கள் சொன்னபடியே நடந்தது. என்னைக் கண்டதும் சங்கத் தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "பிள்ளை, விலத்தி நில்லும். புருசன் இல்லாதவை ஆலாத்தி எடுக்கக் கூடாது," என்றார்.

அவமானமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. "அவர் செத்திட்டார் எண்டு ஆர் சொன்னது? கொண்டுபோனவர் வாறார்தானே, அவரையே கேப்பம்," என்றேன். அதற்குள் வாசலில் ஜனாதிபதியின் கார் வந்து நின்றது.

என் தட்டில் வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரி எரிந்துகொண்டிருந்தது. அவர் முன்னால் தட்டைப் பிடித்தேன், சுற்றவில்லை. "என்ர மனிசனை நீங்கள்தான் பஸ்ஸில ஏத்தினீங்கள். அவர் உயிரோட இருந்தால் இப்பவே ஆலாத்தி சுத்துறன். இல்லையெண்டால் நான் இதுக்கு ஆகாதவள். உங்கடை வாயால சொல்லுங்கோ, இறக்கி வைக்கிறன்."

மொழிபெயர்ப்பாளர் வெளிறிப்போனார். ஆனாலும் சொன்னார். என் கணவர் இருக்கிறார் என்றும் ஜனாதிபதி சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காவலாளிகள் அவரைப் பக்கவாசலால் உள்ளே கூட்டிப் போனார்கள், ஆலாத்தி இல்லாமலே.

நான் பல்லரோ சந்தை வழியே நடந்து, என் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டுக்கு வேலைக்குப் போனேன். உங்களுக்கும் சொல்லிவிட்டேன், அந்தச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன். மண்டபத்தில் யாரோ போனில் எடுத்த வீடியோ அங்கேயும் வந்திருக்கும். உங்களுக்குக் கரைச்சல் வந்தால் என்னைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். உண்மையாகவே கோபிக்க மாட்டேன்.

சயந்தினி


கிளிநொச்சி
ஆடி 2

தங்கச்சி,

நேற்று இராணுவப் புலனாய்வு ஆட்கள் இரண்டு பேர் கச்சேரிக்கே வந்தார்கள். வீடியோவைக் காட்டி, "இது ஆர்?" என்றார்கள். என் தங்கச்சி என்றேன். "புருசன் எங்கை?"

செத்துவிட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான் இன்னும் வீட்டை வரேல்லை. உங்கடை பஸ்ஸிலதான் ஏறினவர்," என்றேன்.

வேலை இருக்குமோ தெரியாது. இருக்கட்டும், போகட்டும். நீ பொட்டை அழிக்காதே. காணி அப்படியே கிடக்கட்டும், மச்சான் வந்து பார்த்துக்கொள்வார்.

உன் அண்ணா
சிவபாலன்