பேத்தி கண்டெடுத்த கரி

என் வீட்டுக்காரருக்கு மரியாதையுடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுதுங்கள்.

கொள்ளுப்பேரனைப் பார்த்துக்கொள்ள நான் வந்த நேரம், இங்கே பேத்தியின் நட்சத்திரம் சாகக் கிடக்கிறது. பதறாதீர்கள், அது இருப்பது பக்கத்து நட்சத்திரக் கூட்டத்தில். சாகும்போது தன் மேல்தோலை ஊதித் தள்ளுமாம். அதன் புற ஊதா ஒளி காற்றைத் தாண்டி நம்மிடம் வராதாம். அதனால் காற்றுக்கும் மேலே தொலைநோக்கியைப் பறக்கவிட்டு, ஒளியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஊதித் தள்ளிய தோலில் கரி இருக்கும் என்பது இவள் கணக்கு; அது தெரியாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நேற்று படம் வந்தது. மேடும் பள்ளமுமாக ஒரு கோடு; ஒவ்வொரு மேடும் ஒரு பொருளின் அடையாளமாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய மேட்டைக் காட்டி, "ஜெயிச்சுட்டடி!" என்று கத்திவிட்டேன்.

"ஐயோ பாட்டி, அது நம்ம பூமியோடது. காத்தோட உச்சி மினுங்குது. எப்பவும் குறுக்க வந்து நிக்கும்" என்று சிரித்தாள். பிறகு ஒரு குட்டி மேட்டில் விரலை வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "இதுதான் பாட்டி. கரி."

"அடுப்புக் கரியா?"

"அதேதான். உங்க பென்சில்ல இருக்கிறதும் அதுதான். மனுஷங்க எழுதக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பின வெளிச்சம் இது."

அஞ்சாம் வகுப்போடு நின்ற நானும் அதைப் பார்த்தேன்.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். உங்கள் செருமலையாவது போனில் பதிந்து அனுப்புங்கள். பகலில் வீடு ரொம்ப அமைதி.

குழந்தை எழுந்துவிட்டான். பென்சிலும் தேய்கிறது. நட்சத்திரத்தை வீணாக்க மனமில்லை, நிறுத்துகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி