உன் நாடகத்தைப் பற்றி அத்தை சொன்னது

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நிஜமாகவே அப்பாதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிய கடிதம் இல்லை இது. கோணல் மாணலாக இருக்கிறதே என்று நினைக்காதே. கோணல் உட்பட எல்லாம் என்னுடையது. இங்கே நான் சுகம். நீ சுகமா? பதில் போட்டால் இனி யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டியதில்லை. நானே வாசித்துக்கொள்வேன். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மாலை வகுப்பு டீச்சர் பென்சிலை மெதுவாகப் பிடிக்கச் சொல்கிறார். இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்து என் விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது உனக்குத் தெரியும். அழுத்துகிறேனா இல்லையா என்றே எனக்குத் தெரிவதில்லை. தாள் கிழிந்த பிறகுதான் தெரிகிறது. "ஐயா, இது சட்டை இல்லை, இவ்வளவு அழுத்தித் தேய்க்காதீங்க" என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

முன்பெல்லாம் யார் துணி என்று தெரிய காலருக்குள் கலர் நூல் போட்டு வைப்பேன் அல்லவா? சிவப்பு பஸ் டிரைவருக்கு, பச்சை மருந்துக்கடைக்காரம்மாவுக்கு. இப்போது சீட்டில் பெயர் எழுதிக் குத்துகிறேன். போன வாரம் டிரைவரின் பேண்ட் கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டது. வாத்தியார் அதைப் போட்டும் பார்த்துவிட்டார். அதற்காக நான் நூலுக்குத் திரும்பப் போவதில்லை.

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். மாத்திரை அட்டை, பஸ்ஸின் நெற்றி, துணி மடித்துக் கொடுக்கும் பழைய பேப்பர். மருந்துக்கடைக்காரம்மா, "பெரியவர் நம்ம துணியை விட்டுட்டு பேப்பரைத்தான் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்க்கறாரு" என்று கேலி செய்கிறாள். கடைக்கு வந்தவர்களை நிற்க வைத்து, அவர்கள் சட்டையைச் சுற்றிய பேப்பரை முழுவதும் வாசித்த பிறகுதான் கையில் கொடுக்கிறேன்.

இன்று இவ்வளவுதான். கை வலிக்கிறது.

மறுபடி உட்கார்ந்தேன். நீ போனில் ஒன்று கேட்டாய். டிவி நாடகம் முடியப் போகிறது, கடைசிப் பகுதிகளை எழுத வேண்டும், ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ எத்தனை சரிப்பா போட்டாலும் எனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

கடையில் அலமாரிக்கு மேல் டிவி இருக்கிறது. உன் பேப்பர் ஆபீஸ் நாடகம் ஓடும் நேரத்துக்குத் துணி வாங்க வருகிறவர்கள் துணி வாங்கிய பிறகும் போவதில்லை. எல்லோரும் பேசுவார்கள். நடுவில் எனக்கு வசனமே கேட்காது.

பஸ் டிரைவர் சொல்கிறார்: "அந்த எடிட்டரம்மா எழுந்து நின்னு பேசினா உடம்பே சிலிர்க்குது. உண்மையை எழுதறதுக்குத்தான் நமக்கு மை குடுத்திருக்காங்கன்னு சொன்னாங்க பாருங்க, அன்னைக்கு நான் சாப்பிடவே இல்லை. ஆனா காலையில வீட்டுக்கு வர்ற பேப்பரைப் பிரிச்சா சிலிர்ப்பு தானா அடங்கிடுது." இன்னொன்றும் சொன்னார். அந்த ஆபீஸில் மேஜைகள் ரொம்பச் சுத்தமாக இருக்கின்றனவாம், அவர்கள் வேலை எப்போது பார்க்கிறார்கள் என்று கேட்கிறார்.

மருந்துக்கடைக்காரம்மா: "இப்படி ஒரு பேப்பர் நிஜத்துல வந்தா நான் படிக்கக் காசு குடுத்து வாங்குவேன். இப்ப சீசா சுத்தறதுக்குத்தான் வாங்கறேன்."

கணக்கு வாத்தியார் உனக்குப் பாடம் எடுத்தவர், விடுவாரா? "விடை சரியாத்தான் வருது, வழியைக் காணோமே" என்கிறார். "முந்தின நாள் செய்தி வருது, மறுநாள் மந்திரி ராஜினாமா பண்றார். நடுவுல மூணு நாலு வரி இருக்கணுமே, அதை உங்க பையன் எங்க போட்டான்? பரீட்சையிலயும் இப்படித்தான் தாவித் தாவிப் போவான்." ஆனாலும் அவர் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. பொய் என்று தெரிந்தேதான் பார்க்கிறாராம். நாளெல்லாம் நிஜத்தைப் பார்த்தாயிற்று, அரைமணி நேரம் இதைப் பார்த்தால் என்ன என்கிறார்.

என் கருத்து ஒன்றுதான். ஆபீஸிலேயே படுத்துத் தூங்கி எழுந்த நிருபரின் காலர் கத்தி மாதிரி நிற்கிறது. யார் தேய்த்தது? நீ பேப்பரில் வேலை பார்த்தபோது உன் சட்டையைத் தேய்த்தவன் நான். முழங்கையில் எப்போதும் மை இருக்கும். அதை டிவியில் ஒருவர் சட்டையிலும் காணோம்.

எல்லோருக்கும் பிடித்தவன் போட்டோகிராபர் விசில்தான். அவன் படம் எடுப்பதற்கு முன் ஒரு விசில் அடிக்கிறான், எதிரில் இருப்பவன் திரும்பிப் பார்க்கிறான், பட்டென்று படம். கடையில் எல்லோரும் கூடவே விசில் அடிக்கிறார்கள். டிரைவர் நீ போன பிறகு இந்தத் தெருவுக்கு வந்தவர். உன்கூடப் பேப்பரில் படம் எடுத்த நம் விசிலை அவருக்குத் தெரியாது. அவன்தான் இவன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வாத்தியாருக்குத் தெரியும். விசில் வரும்போது அவர் மட்டும் கீழே பார்த்துக்கொள்வார்.

அத்தைக்கும் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கூடப் பிறக்காவிட்டாலும் என்னை அண்ணன் என்றும் உன்னைத் தம்பி என்றும் கூப்பிட்ட வாய் அது. இப்போதும் தினமும் கடைக்கு வருகிறார். அலமாரிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அறுந்த பட்டன்களைத் தைத்துக் கொடுக்கிறார். டிவி அவர் தலைக்கு மேலே இருப்பதால் பார்க்க முடியாது. இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொன்னேன். வேண்டாம் அண்ணே, கேட்டால் போதும் என்றார். விசில் சத்தம் வரும்போது ஊசி நிற்கும். பிறகு போகும்.

இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதவில்லை. வேலை இருந்தது என்று எழுதலாம். வேலை இல்லை.

நடந்தது இது. ஒரு மத்தியானம் கடையில் நானும் அத்தையும்தான். நான் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். அத்தை பட்டன் டப்பாவின் மூடிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நான்காய் மடித்த பேப்பர்த் துண்டு. "எல்லாத்தையும் வாசிக்கிறீங்களே அண்ணே, இதையும் ஒருதரம் வாசிங்க. தம்பி வாசிச்சுக் காட்டி ரொம்ப நாளாச்சு" என்றார்.

விசில் போன மறுநாள் நீ கொண்டுவந்து கொடுத்த துண்டு. நீ அதைக் கையில் பிடித்து வாசித்தபோது நானும் அங்கேதான் நின்றிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் எழுத்துத் தெரியாதவர்கள். நீ வாசித்தாய், நாங்கள் கேட்டோம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகன் எழுதியதை முதல்முறையாக நானே வாசிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். "நகரில் நேற்று மாலை நடந்த சாலை விபத்தில் புகைப்படக்காரர் ஒருவர் உயிரிழந்தார். இருசக்கர வாகனம் சறுக்கியதே காரணம் என்று தெரிகிறது."

அத்தை, "ம், மிச்சத்தை வாசிங்க" என்றார்.

மிச்சம் இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்னால் செருப்பு விளம்பரம், அதுவும் பாதி. மறுபடி முன்பக்கத்தை முதலிலிருந்து வாசித்தேன். நான் மெதுவாக வாசிப்பவன், எங்காவது ஒரு வரியைத் தாண்டியிருப்பேன் என்று எனக்கே தோன்றியது. தாண்டவில்லை. அவன் பெயர்கூட அதில் இல்லை.

"உங்களுக்கு இன்னும் சரியா வரலை போல" என்று சொல்லிவிட்டு, அத்தை தானே சொல்ல ஆரம்பித்தார். கையில் சட்டை, ஊசி போய்க்கொண்டே இருந்தது. "அந்த இளைஞர் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்குள் திறப்பதற்கு முன்பே சென்றார். தூண்களுக்குள் கம்பி இல்லை என்பதைப் படம் எடுத்தார். மறுநாள் வளைவில் ஒரு லாரி மதியத்திலிருந்து நின்றது. அதற்கு எண் பலகை இல்லை. அவர் வருவதைப் பார்த்த பிறகே அது கிளம்பியது. சாலையில் பிரேக் போட்ட தடம் இல்லை." ஒரு வார்த்தை தடுக்கவில்லை. நீ வாசித்தது அப்படியே. அச்சில் வருகிற பேச்சு. அத்தை வேறு எப்போதும் அப்படிப் பேசியதில்லை. முடித்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ பேப்பருக்கு எழுதிக் கொடுத்தது அது. அவர்கள் போட்டது இது. நீ கையில் இதை வைத்துக்கொண்டு அதை வாசித்திருக்கிறாய். இத்தனை காலமும் தெருவில் யாராவது விபத்து என்று சொன்னால், பாவம், பயந்து சொல்கிறார்கள் என்று நானும் அத்தையும் நினைத்துக்கொள்வோம். அதுதான் பேப்பரிலேயே வந்துவிட்டதே என்று நினைப்போம். நீ வேலையை விட்டு ஊரை விட்டுப் போனதுகூட, அந்தச் செய்தியைப் போட்டதற்காக அவர்கள் உன்னை அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மிச்சம் வேறு பக்கத்தில் வந்திருக்கும், துண்டு கிழிந்துபோயிருக்கும் என்று. இருப்பதை வாசிக்கவே இப்போதுதான் கற்றிருக்கிறேன். இல்லாததை வாசிக்க எனக்கு வரவில்லை. துண்டை அவரிடமே நீட்டினேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். இவ்வளவுதான் தங்கச்சி என்றேன். துண்டை வாங்கி, அதே மடிப்பில் மடித்து, உறையில் போட்டு, மூடிக்குள் வைத்தார். அடுத்த சட்டையை எடுத்தார். அழவில்லை. இஸ்திரிப் பெட்டியில் என் கை பட்டிருந்தது. கொப்புளத்தைச் சாயங்காலம் டிரைவர் சொல்லித்தான் பார்த்தேன்.

மறுநாளும் அத்தை வந்தார். நாடகம் ஓடியது. விசில் சத்தம் வந்தது. ஊசி நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் போன். கடைசியில் விசிலுக்கும் எடிட்டரம்மாவின் தங்கைக்கும் கல்யாணம் வைக்கலாமா என்று சேனலில் மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள், ஜனங்களைக் கேளுங்கள் என்றாய். கேட்டேன். டிரைவர் கை தட்டினார். மருந்துக்கடைக்காரம்மா, பொண்ணுக்கு என்ன சேலை கட்டுவார்கள் என்பதுவரை போய்விட்டாள். வாத்தியார், "வழி இல்லாட்டியும் போகுது. அவனை மட்டும் ஒண்ணும் பண்ணிட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

ஸ்டூலிலிருந்து அத்தை பேசினார். நாடகம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் ஒரு கருத்தும் சொன்னதில்லை. "அதுல என் பையன் சாகலை" என்றார். "அதனால அவனை யாரும் கொல்லவும் இல்லை."

டிரைவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கீழே பார்த்தார். டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகத் துணியை எடுத்துக்கொண்டு போனார்கள். டிரைவர் போகும்போது அத்தைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

எல்லோரும் போன பிறகு, தம்பி மேல் கோபமா தங்கச்சி என்று கேட்டேன். "கோபம் என்னண்ணே, நல்லாத்தான் வாசிச்சான். அதை வெச்சுத்தானே இத்தனை நாள் ஓட்டினேன்" என்றார். டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு எனக்கு ஒருத்திக்கு வாசிச்சதை எல்லாருக்கும் வாசிக்கச் சொல்லுங்க. அவனை அதுல சாக விடச் சொல்லுங்க. லாரியையும் காட்டச் சொல்லுங்க." இதை அப்படியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

நீ தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. தெருமுனையில் புதுப் பாலம் கட்டுகிறார்கள். பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கற்ற புதிதில் நின்று வாசித்தேன். அந்த ஆஸ்பத்திரியைக் கட்டிய அதே கட்டடக்காரர்தான். முன்பைவிடப் பெரிய ஆளாகிவிட்டார். பெயருக்கு முன்னால் இன்னும் நிறைய எழுத்துகள் சேர்ந்திருக்கின்றன. வாசித்து முடிக்க நேரமானது. எண் பலகை இல்லாத லாரிகளும் அங்கே நிற்கின்றன.

ஜனங்களின் கருத்தைக் கேட்டாய். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இந்தக் கடைசிக் காரியத்தில் அப்பாவின் கருத்து என்ன என்று நீ கேட்பாய். அதை எழுத உட்கார்ந்து இரண்டு தாள் கிழிந்துவிட்டது. என் விரலைப் பற்றித்தான் முதலிலேயே சொன்னேனே. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால், நான் அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன் என்று அர்த்தம். அதையே என் கருத்தாக வைத்துக்கொள்.

இதை டீச்சரிடம் காட்டவில்லை. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். பதில் எழுதினால் பெரிய எழுத்தாக எழுது. உள்ளதை மட்டும் எழுது.

சின்ன வயதில் உன் கையைப் பிடித்துக்கொண்டு ரோடு தாண்டுவேன், நீ கையை உதறுவாய். இப்போது அவ்வளவு தூரத்தில் இருக்கிறாய். வண்டியை விற்றுவிடு. ஸ்டூடியோவுக்குப் பஸ்ஸில் போ, பஸ்ஸில் நாலு பேர் இருப்பார்கள். வளைவில் நிற்காதே. ஓரமாக நட, ஓரத்திலும் உள்பக்கமாக நட. விளக்கு பச்சையாக இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை வை. பார்த்துவிட்டு, எனக்காக இன்னொரு தரம் பார். நீ நூறு வயது இருக்க வேண்டும்.

என் கையாலேயே கையெழுத்திட்டு,
அப்பா